ஊர் கேட்காத கேலி

எங்கள் தீவின் நாந்தி விமான நிலையத்தின் ஓய்வறைக்கு நான் பதினோரு வருடமாகப் பொறுப்பாளர். இந்தப் பதினோரு வருடத்தில் இந்த ஏமோசி, அதாவது நான், ஒரு பயணியைக் கண்டித்ததைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அவருக்கு என் மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணக் கோஷ்டி கிதாரோடு வந்து பாட ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லத்தான் போனேன். இரண்டாவது பாட்டில் நான் கீழ்க்குரல் சேர்த்துக்கொண்டிருந்தேன். தூங்க முடியாத ஒரு பயணி அதைப் படம்பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். என் குரல் நன்றாகவே பதிவாகியிருந்தது.

அதன் விளைவாக பிரிஸ்பேன் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி டெனிஸ் ஹார்க்னெஸ் வந்தார். நல்ல மனுஷி. இரண்டு வாரம் மூலை நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஏமோசி, இங்க எல்லாருக்கும் உங்களைப் பிடிக்குது. அதுதான் எனக்குப் பிரச்சினை. ஒருத்தராவது உங்ககிட்ட கொஞ்சம் பயப்படணும்."

"பயப்படுவாங்க மேடம்."

"யாரு?"

யோசித்துப் பார்த்தேன். "எங்க வீட்டுக் கோழி."

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானம் ஏறுவதற்கு முன் அறிக்கை எழுதிவிடுவேன், தொந்தரவு செய்கிறவர்களிடம் கண்டிப்பாக நடக்கத் தெரிந்தால் பொறுப்பு நீடிக்கும், இல்லாவிட்டால் வெளியே தள்ளுவண்டிப் பிரிவில் இடம் இருக்கிறது என்றார். ஐம்பத்து மூன்று வயதில், வெயிலில், வண்டி தள்ளுவது. இரண்டு வாரமும் நான் கண்டிப்பதற்கு ஆள் தேடி அலைந்தேன். வந்தவர்கள் எல்லாரும் பைபிள் வகுப்புக்கு வந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே மலைப்பக்கம் இடி. சிட்னி விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள், பிறகு இரண்டு, பிறகு தெரியாது என்றார்கள். ஓய்வறையில் உட்கார இடமில்லை. குழந்தைகள் நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்தன. பெரியவர்கள் எழுந்து பலகையைப் பார்ப்பதும் உட்கார்வதும் மறுபடி எழுவதுமாக இருந்தார்கள். நானும் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன்.

அவன் பதினொரு மணிக்கு வந்தான். எங்கள் தீவு ஆள்தான், நாற்பது வயது இருக்கும், கதவை நிறைக்கிற உடம்பு, சிவப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஜன்னல் ஓரம் இருந்த நான்கு பேர் இடத்தில் ஒன்றில் உட்கார்ந்து, ஒன்றில் பையையும் ஒன்றில் மேல்சட்டையையும் வைத்தான். செருப்புக் காலைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டான். பிறகு போனை ஒலிபெருக்கியில் வைத்து சிட்னிக்குப் பேச ஆரம்பித்தான். அவனுக்கு லாரிகள் இருந்தன. லாரிகளுக்கு டயர்கள் இருந்தன. டயர்களைப் பற்றி அரை மணி நேரத்தில் நாங்கள் எல்லாரும் நிறையத் தெரிந்துகொண்டோம்.

எதிரே இருந்த நியூசிலாந்துக் கிழவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி பக்கத்து மேசையைப் பார்த்தார். பக்கத்து மேசை என்னைப் பார்த்தது. கடைசியில் அறை முழுவதும் என்னைப் பார்த்தது. மூலையில் டெனிஸ் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார்.

நிமிர்ந்து நடந்து போனேன். அவன் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்த செய்தித்தாள்களை அடுக்கினேன். இன்னொரு முறை அடுக்கினேன்.

"சார்," என்றேன்.

அவன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். "என்ன?"

"காபி ஏதாவது வேணுமா?"

"பீர். சில்லுன்னு."

நான் திரும்பி நடந்தேன். டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

பீரைக் கெலெரா கொண்டுபோனாள். ஒன்பது வருடமாக என்னோடு வேலை பார்க்கிறவள், மூன்று பிள்ளைகளின் தாய், அதிகம் பேசமாட்டாள். கொடுத்துவிட்டு நாலு அடி வைப்பதற்குள் பின்னால் விசில் சத்தம். ஐஸ் வேண்டுமாம். ஐஸ் கொடுத்தாள். மறுபடி விசில், வறுத்த கிழங்குக்கு. மூன்றாவது விசிலுக்கு அவள் திரும்பவில்லை. நேராகச் சமையலறைக்குள் வந்து தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, எங்க வீட்டு நாய்க்குக்கூட பேரு இருக்கு. விசில் அடிச்சா அது வராது."

"புயல் நேரம்மா. எல்லாருக்கும் மனசு சரியில்ல."

"எனக்குந்தான் சரியில்ல. நான் யாரையாவது விசிலடிச்சேனா? நீங்கதானே பொறுப்பாளர். போய்ச் சொல்லுங்க."

"போறேன்."

"இப்ப."

"இதோ போய்க்கிட்டேதானே இருக்கேன்," என்றேன், தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு.

சமையல்காரர் முனிலால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். "தம்பி, அந்தக் குழாய் எங்கயும் ஓடிடாது. விட்டுட்டுப் போ."

போனேன். அவன் முதுகுப்பக்கம் பத்தடி தள்ளி நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. போனில் இப்போது டயர் இல்லை; ஒரு கிழவியின் குரல். அவன் அவளோடு எங்கள் பாஷையில், 'த' வரவேண்டிய இடத்தையெல்லாம் தொண்டையில் முழுங்கிப் பேசினான். அந்த முழுங்கல் ஒரே ஊருக்குச் சொந்தம். "கோரோலைலைக்கு அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன், நம்ம வீட்டுக் கூரையை மாத்திடலாம்," என்றான்.

கோரோலைலை. எனக்குத் தோள்கள் லேசாயின.

என் ஊர் நந்தோங்கோ. எங்களுக்கும் கோரோலைலைக்கும் ஆதியில் ஒரே தெய்வம். ஆகவே இரண்டு ஊருக்கும் கேலிமுறை. மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வது போல, ஆனால் ஊருக்கு ஊர், வயது வித்தியாசம் இல்லாமல், பாதிரியார் முன்னிலையில்கூட. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளலாம். கோபப்படுகிறவன்தான் அன்றைக்கு ஊர் சிரிக்கிற ஆள். ஒருமுறை கோரோலைலைக்காரன் ஒருவன் என் சைக்கிளை எடுத்துப் போனான்; நான் அவனுக்கு நன்றி சொல்லி வழியனுப்பி வைத்தேன்.

யாரையும் திட்டத் தெரியாத எனக்கு, திட்டியே ஆகவேண்டிய நாளில், திட்டினால் கோபப்பட முடியாத ஒரே ஊர்க்காரனைக் கடவுள் அனுப்பியிருந்தார். இதற்கு முன்னால் எல்லாரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை? எட்டு வயதுப் பையன்கூட அதைக் கேட்காமல் கேலியை ஆரம்பிக்கமாட்டான். நான் டெனிஸ் பக்கம் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

"டேய் வவ்வால் தின்னி," என்றேன். அறை திரும்பியது. "காலை இறக்குடா. இது சோறு வைக்கிற மேசை. உங்க ஊர்ல மேசையில ஆடு கட்டுவீங்க, அது வேற."

அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். எனக்குள் பதினோரு வருடம் தேங்கியிருந்தது மடை திறந்துகொண்டது.

"செருப்பு யாரு வாங்கிக் குடுத்தா? கோரோலைலைல மொத்தம் ஒரு ஜோடி செருப்புதானே, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு முறை வச்சுப் போடுவீங்க. இந்த வாரம் உன் முறையா? போனை எதுக்குடா வச்சிருக்க? நீ கத்துற கத்துக்கு அது இல்லாமலே உங்க ஊருக்குக் கேக்குமே. இது என்ன தொப்பி? உனக்குத் தொப்பி, எனக்கு மொட்டைத்தலையா?"

அவன் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைப் பிடுங்கி என் தலையில் போட்டுக்கொண்டேன்.

போனில் கிழவி, "அது யாருப்பா?" என்று கேட்டாள். அவன் போனை அணைத்தான். காலை இறக்கினான். கண்ணாடியைக் கழற்றினான். அவன் சிரிப்பதற்காக நான் காத்திருந்தேன். பதிலுக்கு நந்தோங்கோக்காரர்களின் மூக்கைப் பற்றியோ குளிக்காததைப் பற்றியோ ஏதாவது வந்தாகவேண்டும்.

"கோரோலைலை எங்கம்மா ஊரு," என்றான் மெதுவாக. "அங்க வளர்ந்தேன். அப்பாவுக்கு ஊரு வூனிமோலி. என் பேரு ரது செவனாயா. நீங்க எந்த ஊரு?"

ரது என்பது தலைவர் வீட்டு ஆண்களின் பட்டம்.

வூனிமோலி எங்கள் தலைமை ஊர். அதன் தலைவர் வீட்டுக்குக் காலங்காலமாக மீன் பிடித்துக் கொடுக்கிற குடி நாங்கள். அவர்கள் வாசலைக் கடக்கும்போது குனிந்து கடப்போம். அந்த வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேலே இருக்கிற அலமாரியிலிருந்து ஒரு டம்ளரைக்கூட எடுக்கமாட்டோம். அந்தத் தலையிலிருந்து நான் தொப்பியைப் பிடுங்கியிருந்தேன். அது இன்னும் என் தலையில் இருந்தது.

"நந்தோங்கோ," என்றேன்.

அவர் தலையாட்டினார். கையை ஒருமுறை தூக்கித் தன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துடைப்பத்தோடு நின்ற துப்புரவுக்காரர் இசோவா சுவரோடு ஒட்டிக்கொண்டார். கெலெரா வாயைப் பொத்தியிருந்தாள்.

தொப்பியைக் கழற்றினேன். திரும்ப அவர் தலையில் வைக்க முடியாது. மேசைமேல் வைக்கலாம் என்றால் அங்கேதான் சற்றுமுன் அவர் கால் கிடந்தது. தரையில் வைப்பதை நினைக்கவே முடியவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கோவிலிலிருந்து எதையோ திருடியவன் மாதிரி சமையலறைக்கு வந்தேன்.

பின்னாலேயே டெனிஸ் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. இரண்டு வாரத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"ஏமோசி, எனக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா அருமை. தொப்பியை எடுத்தது கொஞ்சம் அதிகம், இனிமே அது வேண்டாம். ஆனா பாருங்க, ஆள் எப்படி அமைதியாயிட்டார். இதைத்தான் நான் கேட்டேன்."

"மேடம், அது..."

"அறிக்கையை முடிச்சிடுறேன். பொறுப்பு உங்களுதுதான். போய் ஒரு காபி குடிங்க."

அவர் போய்விட்டார். நான் தொப்பியோடு நின்றேன். முனிலால் என்னையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கெலெரா வந்து நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வேலை தப்பிச்சுடுச்சு இல்ல? அப்புறம் என்ன," என்றார்.

"அவர் ஒண்ணுமே சொல்லலியே அண்ணே. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல."

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் திருப்தியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. நான் விரும்பியது எல்லாம் கிடைத்துவிட்டது. அங்கேயும் இங்கேயும் நடந்தேன். ஐஸ் பெட்டியைத் திறந்து மூடினேன். இப்படியே விட்டால் அவர் சிட்னி போய்விடுவார். எனக்கு வேலை இருக்கும். நந்தோங்கோவில் என் பிள்ளைகள் வூனிமோலி வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் இது இருக்கும். போய்த் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டால் டெனிஸ் அதைப் பார்ப்பார். எழுதிய வரியை அழிப்பார்.

"முனிலால் அண்ணே, உங்க பையில யங்கோனா இருக்கா?"

யங்கோனா இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர்; மன்னிப்புக் கேட்கப் போகிறவன் அதை ஏந்தித்தான் போவான். முனிலாலின் முகம் மாறியது. "அது சாயங்காலம் லௌதோகால என் மச்சினி கல்யாணத்துக்கு."

"வேர்க்கட்டா, பொடியா?"

"வேர்க்கட்டு. கடாவு தீவிலேர்ந்து வந்தது, முதல் தரம்." கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போய்த் தொலை. என் பொண்டாட்டிகிட்ட நீதான் வந்து சொல்லணும். அவளும் தலையிலதான் கைவைப்பா, உன் தலையில."

செய்தித்தாளில் சுற்றியிருந்த வேர்க்கட்டைப் பிரித்து எடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். தொப்பியைக் கெலெரா ஏந்திக்கொண்டாள். கதவைத் திறந்ததும் குனிந்து, "துலோ, துலோ," என்று வழி கேட்டபடி அறையைக் கடந்தேன். இசோவா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்னால் வந்து உட்கார்ந்தார். வாசல் காவலாளி உட்கார்ந்தார். கெலெரா உட்கார்ந்தாள். நான் ஜன்னலிலிருந்து ஐந்தடி தள்ளிக் கம்பளத்தில் சம்மணம் போட்டேன். மூலைப்பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

வேர்க்கட்டைக் கையில் ஏந்தி, என் ஊர் பேரையும் என் தகப்பன் பேரையும் சொன்னேன். யார் என்று கேட்காமல் வாயைத் திறந்தேன், தொப்பிக்குக் கையை நீட்டியது நான்தான், எனக்குப் பின்னால் இருக்கிறவர்கள்மேல் இது ஒட்டக்கூடாது என்றேன். பாதியில் எனக்குக் குரல் உடைந்தது. கீழ்க்குரல் பாடுகிறவனுக்கு அது அவமானம்.

ரது செவனாயா என்னைப் பார்த்தார். அவருக்கு நாற்காலியிலேயே இருக்க உரிமை உண்டு. இருந்தாலும் எழுந்தார், இறங்கி என் எதிரே கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போன் மேசைமேல் அதிர்ந்தது. அவர் திரும்பவில்லை. வேர்க்கட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு திணறினார்.

"கடைசியா இதைப் பார்த்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு," என்றார். "இப்ப நான் என்ன சொல்லணும்?"

பின்னாலிருந்து இசோவா மெதுவாக எடுத்துக்கொடுத்தார். "ஏத்துக்கிட்டேன்னு சொல்லுங்க, ஐயா. இது இங்கயே புதைஞ்சதுன்னு."

"ஏத்துக்கிட்டேன். இது இங்கயே புதைஞ்சது."

கையைக் குவித்துத் தட்டினோம். எழுந்துகொள்ளலாம் என்று முழங்காலில் கைவைத்தேன்.

"எனக்கும் ஒரு பேச்சு இருக்கு," என்றாள் கெலெரா.

எல்லாரும் உட்கார்ந்தே இருந்தோம். தொப்பியை அவர் மடிக்கு முன்னால் இரண்டு கையாலும் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க என்னை மூணு தடவை விசிலடிச்சீங்க. என் பேரு கெலெரா. சட்டையில எழுதியிருக்கு. இங்கிலீஷ்லயும் எழுதியிருக்கு, உங்களுக்கு வசதிதான். நீங்க எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தாலும், இன்னொரு தடவை யாரையும் அப்படிக் கூப்பிடாதீங்க."

சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் எழுந்து போக முடியாது. கட்டு இன்னும் அவர் மடியில் இருந்தது. காது வரை சிவந்தார்.

"தப்புதான், கெலெரா," என்றார். "மன்னிச்சுக்கம்மா."

"சரி," என்றாள் அவள். "கிழங்கு ஆறிடுச்சு. வேற கொண்டுவரேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய கால், செருப்பு, போன், தொப்பி, ஊர் எல்லாவற்றையும் பற்றி நான் அவ்வளவு பேசியிருந்தேன். விசிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றரைக்கு வானம் வெளுத்தது. சிட்னி விமானத்துக்கு அழைத்தார்கள். ரது செவனாயா பையை எடுத்துக்கொண்டு போகும்போது என் பக்கம் குனிந்து, "அந்தச் செருப்பு விஷயம் உண்மைதான். எங்கம்மா வீட்ல ஒரு ஜோடிதான் இருந்துச்சு," என்றார். அவர் நல்லவராகிவிட்டார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வாசலுக்கு வெளியே போனதும் டயர்களைப் பற்றிய சத்தம் மறுபடி கேட்டது. அது வெளியே.

டெனிஸ் என்னையும் கெலெராவையும் கூப்பிட்டார். மடிக்கணினி மூடியிருந்தது.

"இரண்டு வாரம் பார்த்தேன்," என்றார். "ஏமோசி, முதல்ல நீங்க ஒரு பயணியோட தொப்பியைப் பிடுங்கினீங்க. அப்புறம் அவர் முன்னால தரையில உட்கார்ந்தீங்க. காரணம் இருந்திருக்கும். இசோவாகிட்ட கேட்டேன், சொன்னார். எனக்குப் பாதி புரிஞ்சது. மரியாதையாவும் இருந்தது. ஆனா இந்த அறையில இன்னைக்கு அவர்கிட்ட என்ன தப்புன்னு நேரா சொன்னது ஒருத்தர்தான். கெலெரா, பொறுப்பை நீங்க எடுத்துக்கணும்."

கெலெரா என்னைப் பார்த்தாள்.

"வண்டி தள்ளுறதுக்கு எப்ப வரணும் மேடம்?" என்று கேட்டேன்.

"அதைக் கெலெராவைக் கேளுங்க. ஆளை எங்க வைக்கிறதுன்னு இனிமே அவங்கதான் முடிவு பண்ணணும்."

டெனிஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் காலியான அறையில் நின்றோம். ஒரு பக்கம் பதினோரு வருடப் பொறுப்பு போய்விட்டது. மறுபக்கம், வெட்கத்தோடு சொல்கிறேன், பள்ளிக்கூடம் விட்டது போல இருந்தது.

"அண்ணே, கோபமா?"

"உங்க ஊரு எதுன்னு சொல்லு, கோபப்படலாமா கூடாதான்னு பார்க்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "நீங்க வெளிய எங்கயும் போகவேண்டாம். இங்கயே இருங்க. ஆனா ஒண்ணு அண்ணே. நான் வந்து ஒருத்தன் என்னைக் கேவலமா நடத்துறான்னு சொன்னா, புயல்னு சொல்லாதீங்க."

"சரி," என்றேன்.

என்னிடம் அதற்கு ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. நல்லதுதான், யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.